திரைச் செருகல்

திரைச் செருகல் என்பது, திரைப்படக் காட்சியொன்றில் தோன்றும் தொலைக்காட்சி, கணினி, கைபேசி போன்ற கருவிகளின் திரையில், படப்பிடிப்பின்போது அங்கு இல்லாத ஒரு படத்தைப் பின்னர் பொருத்தி, அது முதலிலிருந்தே அங்கு ஒளிர்ந்து கொண்டிருந்ததாகத் தோன்றச் செய்யும் நுட்பம் ஆகும். இது கலந்திணைப்பு எனப்படும் பரந்த துறையின் ஒரு பகுதி. தமிழ்த் திரைப்படத் துறையினர் இவ்வகை வேலைகள் அனைத்தையும் பொதுவாக "சி.ஜி." என்றும், செருகலுக்காகத் திரையின் மீது ஒட்டப்படும் பச்சைப் பரப்பை "கிரீன் மேட்" என்றும் அழைக்கின்றனர்.

பறக்கும் மனிதனையோ பேசும் எந்திரனையோ பார்க்கும்போது அது கணினியில் செய்யப்பட்டது என்பது பார்வையாளருக்குத் தெரியும், தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார். கைபேசித் திரை அவ்வாறானதன்று. நாள்தோறும் பல நூறு முறை பார்க்கும் பொருள் என்பதால், அதில் நேரும் சிறு பிழையையும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், கண் உணர்ந்துவிடுகிறது. மேலும் கதையில் திரை காட்டப்படும் இடம் பெரும்பாலும் ஒரு சான்று வெளிப்படும் இடமாகும். அச்சான்று ஒட்டவைத்ததுபோல் தெரிந்தால் அதன்மேல் நிற்கும் காட்சியும் விழுந்துவிடும்.

ஏன் நேரடியாகப் படம்பிடிப்பதில்லை

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி, படத்தை ஒரே நேரத்தில் முழுமையாகக் காட்டுவதில்லை. மின்னணுக் கற்றை ஒன்று மேலிருந்து கீழாக வரி வரியாக வரைந்து செல்லும். இந்தியாவில் பின்பற்றப்பட்ட பால் முறையில் நொடிக்கு 25 சட்டங்கள், அதாவது 50 அரைச்சட்டங்கள் வரையப்பட்டன. திரைப்பட ஒளிப்படக் கருவியோ நொடிக்கு 24 சட்டங்களைப் பதிவு செய்கிறது. இவ்விரண்டு வேகங்களின் வேறுபாடு ஒன்று. எனவே திரையின் குறுக்கே ஒரு பட்டை உருண்டு செல்வதாகப் படத்தில் பதிவாகும். நேரில் பார்ப்பவர் கண்ணுக்கு இப்பட்டை தெரியாது.

கருவியை நொடிக்கு 25 சட்டங்களில் ஓட்டினால் பட்டை ஓரிடத்தில் நின்றுவிடும். அவ்வாறு எடுத்ததைத் திரையரங்கில் 24இல் ஓட்டும்போது அசைவும் ஒலியும் நான்கு விழுக்காடு மெதுவாகும். பின்னர் குரல் சேர்க்கப்படும் படங்களில் இது பெரிய இடர் அன்று. நேரடி ஒலிப்பதிவில் எடுக்கப்படும் படங்களில் குரலின் சுருதியே இறங்கிவிடும். 24 சட்டங்களிலேயே எடுப்பதாயின், மூடியின் கோணத்தை 172.8 பாகையாக வைத்தால் ஒவ்வொரு சட்டமும் சரியாக 1/50 நொடி ஒளி பெறும். 50 எர்ட்சு மின்சாரத்தில் எரியும் குழல்விளக்குகளின் துடிப்பும் இவ்வமைப்பில் அடங்கிவிடுவதால், இந்திய ஒளிப்பதிவாளர்களுக்கு இந்த எண் மனப்பாடம்.

தட்டைத் திரைகள் வந்தபின் உருளும் பட்டை பெரும்பாலும் மறைந்தது. ஆனால் கைபேசித் திரையின் நுண்புள்ளி வரிசையும் எண்ணிம ஒளிப்படக் கருவியின் உணரி வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, பட்டுப்புடவையில் தெரிவதுபோன்ற அலைக்கோலங்கள் தோன்றும். இது தவிர நடைமுறைக் காரணங்களும் உண்டு. நடிகர் பத்தாவது முறை நடிக்கும்போதும் குறுஞ்செய்தி அதே கணத்தில் வர வேண்டும். காட்டவேண்டிய செய்திப்படம் இன்னும் எடுக்கப்படாமலே இருக்கலாம். இயக்குநர் படத்தொகுப்பின்போது செய்தியின் சொற்களையே மாற்றலாம்.

முன்வரலாறு

சட்டமொன்றுக்குள் வேறொரு படத்தைப் பொருத்தும் முயற்சி திரைப்படத்தின் தொடக்க காலத்திலேயே உள்ளது. எட்வின் எஸ். போர்ட்டர் 1903இல் எடுத்த "தி கிரேட் டிரெயின் ராபரி" படத்தில், தந்தி அலுவலகத்தின் சன்னல் வழியே தொடர்வண்டி வந்து நிற்பது தெரியும். சன்னல் பகுதியை மறைத்து ஒருமுறையும், அதே படச்சுருளில் சன்னல் பகுதியை மட்டும் மறுமுறையும் பதிவு செய்து அது உருவாக்கப்பட்டது. இன்றைய திரைச் செருகலின் அடிப்படைக் கருத்து இதுவே: ஒரு சட்டகம், அதற்கொரு மறைப்பு, உள்ளே இன்னொரு படம்.

நகரும் உருவங்களுக்கு ஏற்ப மறைப்பும் நகரும் நீலத்திரை முறையை லாரி பட்லர் "தி தீஃப் ஆஃப் பாக்தாத்" (1940) படத்தில் பயன்படுத்தி ஆசுக்கார் விருது பெற்றார். ஸ்டான்லி குப்ரிக்கின் "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" (1968) வேறு வழியைத் தேர்ந்தது. விண்கலத்தின் கணினித் திரைகளுக்குப் பின்னால் 16 மி.மீ. படவீழ்த்திகளை வைத்து, முன்கூட்டியே வரைந்து எடுத்த படங்களை அரங்கிலேயே ஓட்டினர். அத்திரைகள் இன்றும் உண்மையானவையாகத் தோன்றுவதற்குக் காரணம், அவற்றின் ஒளி நடிகர்கள் இருந்த இடத்திலேயே உண்மையில் இருந்தமையே. கணினியில் படங்களைக் கலப்பதற்கான கணித அடிப்படையைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் வெளியிட்ட ஆய்வுரை வகுத்தது.

தமிழ்த் திரைப்படங்களில்

ஷங்கர் இயக்கிய "இந்தியன்" (1996) படத்தில் சேனாபதி, கடமை தவறிய மருத்துவர் ஒருவரைத் தொலைக்காட்சி நேரலையில் கொல்கிறார். ஊர் முழுவதும் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பார்க்கிறது. கொலையைவிட, அது வீடுகளுக்குள் வந்து விழுவதே அக்காட்சியின் அச்சம். இப்படத்தின் சிறப்புத் தோற்றங்களுக்காக எஸ். டி. வெங்கி தேசியத் திரைப்பட விருது பெற்றார். எனினும் அவ்விருதோடு மக்கள் நினைவில் நிற்பது, பழைய ஆவணப்படத்தில் நேதாசியுடன் சேனாபதி இணைக்கப்பட்ட காட்சியே ஆகும்.

தேனி, மதுரை வட்டாரத்தைக் களமாகக் கொண்டு கமல்ஹாசன் இயக்கிய "விருமாண்டி" (2004), இவ்வகையில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. மரண தண்டனை பற்றிய ஆவணப்படம் எடுக்க வரும் ஏஞ்சலா காத்தமுத்து (ரோகிணி) சிறையில் இரு கைதிகளின் வாக்குமூலங்களைப் பதிவு செய்கிறார். கொத்தாளத் தேவர் (பசுபதி) சொல்லும் கதையும் விருமாண்டி சொல்லும் கதையும் ஒரே நிகழ்ச்சிகளைப் பற்றியவை; ஆனால் ஒன்றுக்கொன்று முரணானவை. யார் சொல்வது மெய் என்ற கேள்வியைப் படமாக்கிய கருவியே படத்தின் உள்ளே ஒரு பாத்திரமாக இருக்கிறது. நிகழ்படக் கருவியின் பதிவுக்கும் திரைப்படச் சுருளின் பதிவுக்கும் உள்ள தோற்ற வேறுபாடு இத்தகைய கதைகளில் வெறும் அலங்காரம் அன்று. பார்வையாளர் தாம் இப்போது பார்ப்பது வாக்குமூலமா, நிகழ்ச்சியா என்பதை அதைக் கொண்டே அறிகிறார்.

அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராசாவின் வருகைக்குப் பின் தமிழ்ப்படம் அரங்குகளை விட்டு ஊர்ப்புறங்களுக்குப் பெருமளவில் சென்றது. போடிநாயக்கனூர் அருகிலுள்ள குரங்கணியில் எடுக்கப்பட்ட "மைனா" (2010), மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலச்சுமை தூக்குவோரைப் பற்றிய லெனின் பாரதியின் "மேற்குத் தொடர்ச்சி மலை" (2018, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்) போன்றவை அவ்வழியில் வந்தவை. அரங்கிற்குள் ஒளியை ஒளிப்பதிவாளர் தீர்மானிக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கில் அதை வெயில் தீர்மானிக்கிறது. இந்த வேறுபாடு திரைச் செருகலில் நேரடியாக எதிரொலிக்கிறது.

ஒளியின் அளவு

செருகப்பட்ட திரை பொய்யாகத் தெரிவதற்கு முதற்காரணம், அது அளவுக்கு மீறி ஒளிர்வதாகும். இதைச் சிறு கணக்கால் விளக்கலாம்.

நண்பகல் வெயிலின் ஒளிர்வு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதில் நிற்பவரின் வெள்ளை வேட்டி, விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவதாகக் கொண்டால், அதன் பொலிவு ஏறத்தாழ 25,000 நிட் ஆகும். அவர் கையிலுள்ள கைபேசித் திரையின் வெண்மை 800 நிட் என்று கொள்வோம். அதாவது வேட்டி, திரையைவிட முப்பது மடங்குக்கும் மேல் பொலிவானது. ஒளிப்பதிவாளர் மொழியில் இது ஐந்து ஸ்டாப். வேட்டிக்குச் சரியாக ஒளியளவை வைத்தால், திரை கிட்டத்தட்ட கறுப்பாகவே பதிவாகும். வெயிலில் கைபேசியைப் பார்ப்பவர்கள் கையைக் குவித்து நிழல் செய்துகொள்வது இதனால்தான். கணினியில் அமர்ந்து வேலை செய்பவர் தமக்குக் கிடைத்த குறுஞ்செய்திப் படத்தை அப்படியே முழு வெண்மையில் ஒட்டிவிட்டால், அக்கைபேசி வேட்டிக்குச் சமமாக ஒளிரும். உலகில் எந்தக் கைபேசியும் அவ்வாறு ஒளிராது.

அதே மனிதர் தேநீர்க் கடைக்குள் வந்து அமர்ந்தால் கணக்கு தலைகீழாகிறது. உள்ளே 200 லக்ஸ் இருந்தால் வேட்டியின் பொலிவு 50 நிட் மட்டுமே. கைபேசி தன்னைக் குறைத்துக்கொண்டு 300 நிட்டில் ஒளிர்ந்தாலும் வேட்டியைவிட ஆறு மடங்கு பொலிவுடையது. இப்போது திரையின் வெண்பகுதிகள் வெளிறி, ஓரங்களில் ஒளி சற்றே கசிய வேண்டும். எழுத்துகள் மிகத் தெளிவாக இருந்தால் அது பிழை. ஒரே கைபேசி, ஒரே செய்தி. வாசற்படியைத் தாண்டியதும் இரு வேறு செருகல்கள்.

இரண்டாவது காரணம் கறுப்பு. அணைந்த கைபேசியின் கண்ணாடி கறுப்பன்று. எதிரிலுள்ளதை அது காட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிப் பரப்பு தன்மீது நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும்; சாய்வு மிகும்போது இது வெகுவாகக் கூடும். பொலிவான வெண்மேகத்தின் எதிரொளி மட்டுமே திரையின் சொந்த ஒளிக்கு நிகராகிவிடலாம். ஆகவே வெளிப்புறக் காட்சியில் திரையின் கறுப்பு எழுத்துகள் சாம்பலாகவோ நீலம் கலந்தோ தெரிவதே இயல்பு.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கலக்கும் முறை தெளிவாகும். திரை, தான் உமிழும் ஒளியையும் வெளியிலிருந்து பெற்றுத் திருப்பும் ஒளியையும் ஒருங்கே நம் கண்ணுக்கு அனுப்புகிறது. எனவே செருகல் என்பது மறைத்து ஒட்டுதல் அன்று, கூட்டல். திரையை அணைத்து வைத்தே படம்பிடித்து, அதில் பதிவான எதிரொளிகளை அப்படியே விட்டு, அதன்மேல் புதிய படத்தின் ஒளியைக் கூட்டுவது பெரும்பாலான இடங்களில் சிறந்த வழி. கூட்டும்போது எண்களை அல்ல, ஒளியைக் கூட்டவேண்டும் என்பது கவனிக்கத்தக்கது. சாதாரணக் கணினிப் படக்கோப்பில் 255க்குப் பாதியான 128 என்னும் எண், பாதி ஒளியைக் குறிப்பதில்லை. ஏறத்தாழ 22 விழுக்காட்டு ஒளியையே குறிக்கிறது. இக்குறியீட்டை நீக்கி ஒளியளவாக மாற்றிய பின்னரே கூட்டல் பொருள்படும். இதைச் செய்யாத செருகல்களில் எதிரொளியும் படமும் கலக்கும் இடம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் காணப்படும்.

கம்பம், கூடலூர்ப் பகுதிகளின் திராட்சைத் தோட்டங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, ஆளுயரப் பந்தலில் படர்வது. பந்தலின் கீழ் நிற்பவர் மீது இலைநிழல்கள் ஓயாது அசைந்துகொண்டிருக்கும். அந்நிழல் அவர் கைபேசியின் மீதும் விழும். ஆனால் திரை தானே உமிழும் ஒளியை நிழல் தொடாது. கண்ணாடியிலுள்ள விரல்தடங்களின் மினுக்கத்தையும் தூசியின் வெளுப்பையும் மட்டுமே அது மாற்றும். சட்டை மீதுள்ள நிழலைப் படியெடுத்துத் திரையின் மீதும் இருளாகப் போட்டுவிடுவது தொடக்கநிலையினர் செய்யும் பிழை. அவ்வாறு செய்தால் கைபேசி, அச்சிட்ட அட்டைபோல் ஆகிவிடும்.

பொருத்துதல்

தட்டையான செவ்வகம் ஒன்றை எக்கோணத்திலிருந்து பார்த்தாலும், அதன் தோற்றத்தை எட்டு எண்கள் முழுமையாக வரையறுக்கும். நான்கு மூலைகளின் கிடை, நெடுக்கு ஆயங்கள் தெரிந்தால் இவ்வெட்டையும் கணக்கிடலாம். எனவே மூலைகளை ஒவ்வொரு சட்டத்திலும் பின்தொடர்வதே வேலையின் முதற்படி. இதனை ட்ராக்கிங் என்பர். படக்குழாய்ப் பெட்டிகளின் கண்ணாடி வளைந்தது என்பதால் அவற்றுக்கு நான்கு மூலைகள் போதா.

மூலைகளை விரல் மறைக்கும் என்பதே கைபேசியில் உள்ள சிக்கல். அதற்காகத் திரைமீது சிறு கூட்டல் குறிகள் ஒட்டப்படுகின்றன. குறிகளை மிகுதியாக ஒட்டுவது உதவியாகத் தோன்றினும், பின்னர் அவற்றை ஒவ்வொன்றாக அழிக்கவேண்டியிருக்கும். திரைக்கு முன்னால் வரும் விரல்களைச் சட்டம் சட்டமாக வெட்டியெடுக்கும் வேலை ரோட்டோ எனப்படும். பொறுமையைத் தவிர இதற்கு வேறு தகுதி தேவையில்லை என்று கேலியாகச் சொல்வதுண்டு. ஆனால் விரலின் ஓரம் எவ்வளவு மங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கத் தேர்ந்த கண் வேண்டும்.

இடம் பொருந்தியபின், படம் அக்காட்சியின் குறைகளையும் ஏற்கவேண்டும். கை அசையும்போது 1/50 நொடியில் நேரும் மங்கல், குவியம் முகத்திலிருந்து திரைக்கு மாறும்போது ஏற்படும் மங்கல், வில்லையின் வளைவு, படச்சுருளின் மணித்துகள் அல்லது உணரியின் இரைச்சல் ஆகிய யாவும் செருகிய படத்திலும் இருத்தல் வேண்டும்.

எவ்வளவு முயன்றாலும் பின்னர் எளிதில் சேர்க்க முடியாத ஒன்று உண்டு. அது முகத்தில் விழும் திரையின் ஒளி. இரவில் செய்தி பார்ப்பவரின் முகத்தில் அவ்வொளி இல்லையெனில் செருகல் எத்துணைச் சிறப்பாக இருந்தும் பயனில்லை. படப்பிடிப்பிலேயே சிறு விளக்கு ஒன்றைக் கைபேசியின் இடத்திலிருந்து முகத்தின்மேல் காட்டுவது வழமை.

பச்சைப் பள்ளத்தாக்கில் பச்சைத் திரை

முல்லைப் பெரியாறு அணையின் நீர் 1895 முதல் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், லோயர் கேம்ப் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வயலும் தென்னையும் மலையும் எனக் கண்ணுக்கு எட்டும் வரை பச்சையே. பச்சைத் திரை முறையின் அடிப்படையோ, சட்டத்தில் வேறெங்கும் பச்சை இல்லை என்னும் எதிர்பார்ப்பு. வரப்பில் நிற்பவரின் கையிலுள்ள பச்சைத் திரையைக் கணினி தானே பிரித்தெடுக்க முயன்றால் வயலையும் சேர்த்தே நீக்கும். செவ்வகத்துக்குள் மட்டும் தேடச் சொல்லி இதைத் தவிர்க்கலாம் எனினும், விரல்களின் உட்புறத்தில் படியும் பச்சைச் சாயல் வயலிலிருந்து வந்ததா, திரையிலிருந்து வந்ததா என்பதைப் பிரிக்க இயலாது. முன்னது இருக்கவேண்டியது, பின்னது நீக்கவேண்டியது. நீலத்தைப் பயன்படுத்தினால் வானம் குறுக்கிடுகிறது. இத்தகைய இடங்களில் அணைந்த திரையோடு படம்பிடித்து, விரல்களை ரோட்டோ மூலம் பிரிப்பதே நேர்மையான வழி. செலவு கூடும்.

திரையில் உள்ளது என்ன

படம் சரியாகப் பொருந்தினாலும் அதன் உள்ளடக்கம் காலத்தோடு பொருந்தாமற் போகலாம். 2003இல் வந்த நோக்கியா 1100 கைபேசிக்கு வண்ணத்திரை கிடையாது. தமிழக அரசு 2006 முதல் 2011 வரை வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி. அக்காலத்து ஊரைக் காட்டும் படத்தில் அகலத்திரைப் படத்தை அதற்குள் செருகினால், மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வந்திருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகள் தனிச் சிக்கல். ஒருங்குறியில் "கொ" என்பது ககரமும் அதன்பின் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டு வரைவது மென்பொருளின் வேலை. படக்கலவை மென்பொருள்கள் பலவற்றில் நெடுங்காலம் இவ்வசதி இருக்கவில்லை. எனவே கொம்புகள் இடம் மாறிய தமிழைத் திரையரங்கில் காண நேர்ந்தது. பழைய தனிக்குறியீட்டு எழுத்துருக்களில் தட்டச்சு செய்து படமாக மாற்றிப் பயன்படுத்துவது தீர்வாக இருந்தது. ஆனால் அவ்வெழுத்துருக்கள் அச்சுக்குரியவை, எந்தக் கைபேசியிலும் வராதவை. தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணில் ஒளியின் பிழையைவிட இது விரைவாகப் படும்.

எண்களிலும் எச்சரிக்கை தேவை. 2024இல் வெளியான "அமரன்" படத்தில் காட்டப்பட்ட தொலைபேசி எண் உண்மையில் சென்னை மாணவர் ஒருவருடையதாக இருந்தது. இடைவிடாத அழைப்புகளால் அவர் சட்ட நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. பின்னர் அவ்வெண் படத்தில் மறைக்கப்பட்டது. இது தாளில் எழுதிய எண்ணே எனினும், செருகப்படும் திரைகளுக்கும் பொருந்தும்.

திரைக்கு வெளியே

இதே நுட்பம் பொய்ச்செய்தி பரப்பவும் பயன்படுகிறது. தொலைக்காட்சி நிறுவனத்தின் சின்னமும் ஓடும் எழுத்தும் கொண்ட போலிச் செய்தி அட்டைகளைச் செய்ய, ஒளியளவும் எதிரொளியும் அறிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்துருவும் நிறமும் போதும். அணை பற்றிய அச்சமும் நீர் பற்றிய கவலையும் இருபுறமும் நிலவும் பள்ளத்தாக்கில் இது சிறிய செய்தி அன்று. அணை உடையும் காட்சிகளைக் கொண்ட "டேம் 999" திரைப்படத்தை 2011 நவம்பரில் தமிழக அரசு தடை செய்தது. அடுத்த மாதம் கம்பம், கூடலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கித் திரண்டனர். அன்று சர்ச்சைக்குரிய படம் திரையரங்கப் படமாகவேனும் அறியப்பட்டிருந்தது. கைபேசியில் வந்து சேரும் படத்துக்கு அத்தகைய அடையாளம் ஏதும் இல்லை. அசையும் நிகழ்படத்தில் ஒரு திரை காட்டப்பட்டால், கை நடுங்கும்போது எதிரொளி திரையிலுள்ள எழுத்திலிருந்து விலகித் தனியே நகர்கிறதா என்று பார்ப்பது, செருகலை இனங்காண எளிய சோதனைகளுள் ஒன்று.

மாற்று வழிகள்

திரையைக் காட்டாமலே செய்தியைக் காட்டும் வழக்கமும் உண்டு. பிபிசியின் "சர்லாக்" (2010) தொடரில் குறுஞ்செய்திகள் பாத்திரங்களின் அருகே காற்றில் எழுத்துகளாக மிதந்தன. அதன்பின் இது எங்கும் பரவிற்று. மகேஷ் நாராயணனின் "சி யூ சூன்" (2020) என்னும் மலையாளப் படம், முழுக் கதையையும் கணினி, கைபேசித் திரைகளுக்குள்ளேயே நிகழ்த்தியது. கைபேசிகளின் பொலிவு உயர்ந்து, துடிப்பு குறைந்துள்ள நிலையில், முன்கூட்டியே ஆயத்தம் செய்த படத்தைக் கருவியிலேயே ஓட்டி நேரடியாகப் படம்பிடிப்பதும் நடைமுறையில் உள்ளது. அதற்கு, குறுஞ்செய்தியின் சொற்களை இயக்குநர் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.